தமிழ் படிக்கும் இயந்திரமும் அதன் சூடும்

'வணக்கம்' என்ற சொல்லில் நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு அப்படியில்லை. வ, ண, க, ஒரு புள்ளி, மறுபடி க, ம, இன்னொரு புள்ளி என்று ஏழு குறிகளாகத்தான் அதைச் சேமிக்கிறது. யுடிஎஃப்-8 என்பது எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் பொதுவான முறை. அதில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். ஆக மொத்தம் 21 பைட். ஆங்கிலத்தில் 'ஹலோ' என்று தட்டினால் 5 பைட்டோடு போய்விடும்.

இது ஏன் முக்கியம்? செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் சொல் சொல்லாகப் படிப்பதில்லை. எழுதியதை டோக்கன் எனப்படும் துண்டுகளாக வெட்டிக்கொள்கின்றன. எங்கே வெட்டுவது என்பதை, அதிகமாகக் கிடைத்த எழுத்தைப் பார்த்து முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த எழுத்து பெரும்பாலும் ஆங்கிலம் என்பதால் ஆங்கிலச் சொற்கள் முழுசாகத் தப்பிவிடுகின்றன, தமிழ்ச் சொற்கள் பொடிப்பொடியாகின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் மாதிரி தனியாகக் கணக்குப் போட வேண்டும். ஒரே செய்தியைத் தமிழில் சொன்னால் கணக்கும் கூடும், மின்சாரமும் கூடும்.

தமிழ் சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. அதனால் அரசாங்கம் இந்தத் துறையில் பணம் போடுகிறது என்ற செய்தி வரும்போதெல்லாம், அதில் தமிழுக்கு என்ன இருக்கிறது என்றுதான் முதலில் தேடுவேன். 2023 டிசம்பரில் தேசியச் செயற்கை நுண்ணறிவு உத்தியின் இரண்டாம் பதிப்பு வந்தது. அதே மாதம், இந்த வட்டாரத்தின் மொழிகளுக்கான மாதிரிகளை உருவாக்க 70 மில்லியன் வெள்ளித் திட்டம் ஒன்றும் அறிவிக்கப்பட்டது. 'ஏஐ சிங்கப்பூர்' அமைப்பின் 'சீ-லயன்' மாதிரி தமிழ் உட்பட 11 மொழிகளைப் படித்தது. அதன் முதல் பதிப்புக்காக 2,56,000 துண்டுகள் கொண்ட சொந்த வெட்டுப் பட்டியலையே தயாரித்தார்கள்.

சரி, ஒரு மாதிரியைப் பயிற்றுவிக்க எவ்வளவு கணிப்புத் திறன் வேண்டும்? மாதிரி என்பது உள்ளுக்குள் எண்களின் குவியல்தான்; பயிற்சி என்பது அந்த எண்களைத் திருத்திக்கொண்டே போவது. சீ-லயனின் முதல் பதிப்பில் பெரியது, சுமார் 7 பில்லியன் எண்களால் ஆனது. அது 980 பில்லியன் டோக்கன்களைப் படித்தது. ஒரு டோக்கனைப் படித்து, தவறைக் கண்டு, தன்னைத் திருத்திக்கொள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் ஏறத்தாழ 6 கணக்கு. பெருக்கிப் பார்த்தால் 4-க்குப் பின்னால் 22 சுழியம் வரும்.

இந்த வேலையை அமேசானிடம் வாடகைக்கு எடுத்த 256 என்விடியா ஏ100 சில்லுகள் 22 நாளில் முடித்தன. ஒரே சில்லு செய்திருந்தால் 15 ஆண்டு ஆகியிருக்கும். உண்மையில் ஒரே சில்லில் தொடங்கவே முடியாது. பயிற்சியின்போது ஒவ்வோர் எண்ணோடும் அதன் திருத்தக் குறிப்புகளும் உடனிருக்க வேண்டும், அதற்கு நூறு ஜிகாபைட்டுக்கு மேல் நினைவகம் தேவை. அந்தச் சில்லில் இருந்ததோ 40.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஏ100-இன் உச்ச வேகம் நொடிக்கு 312 டிரில்லியன் கணக்கு. அந்த வேகத்திலேயே ஓடினால் 15 ஆண்டு வேண்டாம், நாலு ஆண்டுக்குச் சற்று மேல் போதும். மீதி எங்கே போனது? பெரும்பாலும் காத்திருப்பில். எண்கள் நினைவகத்திலிருந்து வந்து சேரும்வரை சில்லு காத்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் 256 சில்லுகளும் தத்தம் திருத்தங்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், ஒன்று பிந்தினால் எல்லாம் நிற்கும். சில்லை மட்டும் வாங்கிக் குவித்தால் பயனில்லை. அவற்றை இணைக்கும் வேகமான வலைப்பின்னலுக்கும், அதை ஓட்டத் தெரிந்த பொறியாளர்களுக்கும் சேர்த்துத்தான் செலவழிக்க வேண்டும்.

2024 வரவுசெலவுத் திட்டத்தில் ஐந்தாண்டுகளுக்கு ஒரு பில்லியன் வெள்ளிக்கு மேல் ஒதுக்கியபோது, கணிப்புத் திறனோடு ஆள்திறனையும் தொழில் வளர்ச்சியையும் சேர்த்தே சொன்னார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். தேசிய மீத்திறன் கணினி நிலையத்தின் முதல் இயந்திரம் 'ஆஸ்பயர் 1' 2016-இல் ஒரு பெட்டாஃபிளாப் வேகத்தில், அதாவது நொடிக்கு ஆயிரம் டிரில்லியன் கணக்கு வேகத்தில், ஓடத் தொடங்கியது. ஏ100-க்கு அடுத்த தலைமுறையான எச்100 சில்லுகள் கொண்ட 'ஆஸ்பயர் 2ஏ+' 20 பெட்டாஃபிளாப்.

அப்புறம் வெப்பம். ஓர் எச்100 சில்லு 700 வாட் வரை இழுக்கும். எட்டுச் சில்லுகள் கொண்ட ஒரு பெட்டிக்கு 10 கிலோவாட். அதில் ஏறக்குறைய முழுவதும் சூடாகத்தான் வெளியே வரும். ஐந்து மின்கெண்டிகள் இரவு பகலாகக் கொதித்துக்கொண்டே இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். குளிர்நாடுகளில் வெளிக்காற்றை உள்ளே விட்டே சமாளிக்கலாம். இங்கே வெளிக்காற்றும் சூடு. குளிர்விப்புக் கோபுரங்கள் தண்ணீரை ஆவியாக்கிச் சூட்டை இறக்குகின்றன. ஆனால் மழைக்குப் பிறகு துணி காயாத நம் ஊர்க் காற்றில் ஆவியாவதும் மந்தம்தான்.

இப்படிப்பட்ட பெட்டிகளை வரிசை வரிசையாக அடுக்கிவைக்கும் கட்டடங்கள்தான் தரவு நிலையங்கள். 2020-இல் சிங்கப்பூரின் மொத்த மின்பயனீட்டில் அவற்றின் பங்கு 7 விழுக்காடு. அதற்கு முந்திய ஆண்டிலிருந்தே புதிய நிலையங்களுக்கு அனுமதி தருவது நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. 2022-இல்தான் கதவு மெல்லத் திறந்தது. 2024-இல் வெளியான திட்டம், குறைந்தது 300 மெகாவாட் கூடுதல் திறனுக்கு இடம் தருகிறது. வெப்பமண்டல நிலையங்களுக்கென 2023-இல் ஒரு தரநிலை வந்தது. கூடங்களை 22 பாகைக்கே குளிரவைக்காமல் 26 பாகை செல்சியசுக்கோ அதற்கு மேலோ படிப்படியாக உயர்த்தச் சொல்கிறது அது. ஒவ்வொரு பாகைக்கும் குளிர்விப்பு மின்சாரத்தில் 2 முதல் 5 விழுக்காடு மிச்சமாகும். வீட்டில் ஏர்கோனை ஒரு பாகை கூட்டிவைக்கும் அதே கணக்கு.

இடமும் மின்சாரமும் இவ்வளவு இறுக்கமாக இருப்பதால், சீ-லயன் குழு அடுத்தடுத்த பதிப்புகளில் வழியை மாற்றிக்கொண்டது. அடியிலிருந்து கட்டாமல், மெட்டாவின் லாமா, கூகலின் ஜெம்மா போன்று யாரும் எடுத்துப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்ட மாதிரிகளை எடுத்து, அவற்றுக்கு வட்டார மொழிகளை மேற்கொண்டு கற்றுக்கொடுத்தார்கள். கணிப்புச் செலவில் இது பெரிய மிச்சம். ஆனால் அடித்தளத்தை அடுத்தவரிடமிருந்து எடுக்கும்போது அவருடைய வெட்டுப் பட்டியலும் கூடவே வந்துவிடுகிறது. தமிழை எங்கே வெட்டுவது என்ற முடிவு மறுபடி வேறு ஊருக்குப் போய்விடுகிறது. அடுத்த முறை பொதுப்பணத்தில் மீத்திறன் கணினி வாங்கும்போது, அதன் நேரத்தில் சில வாரங்களையாவது அந்தப் பட்டியலைத் தமிழுக்காகத் திருத்தி, மாதிரியை அதற்குப் பழக்குவதற்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்பேன்.