உப்பா, மேனிடாலா?

நறுக்கிய மாங்காயில் உப்பைப் பிசறி வைத்தால் கொஞ்ச நேரத்தில் ஜாடியில் நீர் விட்டிருக்கும். தலையில் அடிபட்டு மூளை வீங்கியவருக்கு ஐசியூவில் ஏற்றும் மேனிடால், அடர் உப்புக் கரைசல் ஆகிய மருந்துகளின் வேலையும் ஏறக்குறைய அதுதான்.

கால் வீங்கினால் தோல் இடம் கொடுக்கும். மண்டை ஓடு கொடுக்காது. உள்ளே மூளை, ரத்தம், மூளையைச் சுற்றிய நீர் மூன்றும் அளவாக அடைந்து கிடக்கின்றன. ஒன்று பெருத்தால் மற்றொன்று வழிவிட வேண்டும். வழி தீர்ந்ததும் அழுத்தம் கிடுகிடுவென ஏறும். அது 22 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டினால் குறைக்கப் பாருங்கள் என்கிறது 2016ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல்.

ரத்தத்தில் உப்புச் செறிவைக் கூட்டினால் மூளை சுருங்கும் என்பதை 1919இலேயே வீட், மெக்கிபென் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பூனைகளிடம் கண்டார்கள். ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. நீரை இழுக்க, ரத்தக்குழாய்ச் சுவர் கெடாமல் இருக்க வேண்டும். அடிபட்ட இடத்தில் அது ஓட்டையாகிவிடுவதால் மருந்தே உள்ளே கசியலாம். ஆகவே பெரும்பாலும் சுருங்குவது அடிபடாத பகுதி. அது ஒதுங்கி, வீங்கிய பகுதிக்கு இடம் விடுகிறது!

மேனிடால் ஒருவகைச் சர்க்கரை ஆல்கஹால். நீரை இழுத்த கையோடு சிறுநீராக வெளியேறுகிறது. கூடவே ரத்த அழுத்தம் விழலாம். விபத்தில் ரத்தம் இழந்தவருக்கு அது ஆபத்து. குளிரில் பாட்டிலுக்குள் படிகமாக உறைவது இன்னொரு தொல்லை. 3 சதவீத உப்புக் கரைசல் (சாதாரண சலைன் 0.9 தான்) ரத்த அளவைக் குறைக்காமல் அதே வேலையைச் செய்யும். ஆனால் சோடியம் எகிறலாம். நெடுநாள் சோடியம் குறைந்திருந்தவருக்கு அது சட்டென உயர்ந்தால் நரம்பைச் சுற்றிய உறையே சிதையலாம். அழுத்தத்தை இரண்டுமே இறக்குகின்றன. உயிர் காப்பதில் எது மேல் என்று ஆய்வுகள் தீர்த்துச் சொல்லவில்லை. என்னைக் கேட்டால், நோயாளியின் ரத்த அழுத்தமும் சிறுநீரகமும் சொல்வதைக் கேட்பதே சரி.

வீக்கம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஸ்டீராய்டு. மூளைக் கட்டியைச் சுற்றிய வீக்கத்தை அது நன்றாகவே வடிக்கும். அதை நம்பித் தலைக்காயத்துக்கும் பல்லாண்டுகள் கொடுத்து வந்தார்கள். அது உண்மையில் உதவுகிறதா என்று பார்த்த ‘கிராஷ்’ ஆய்வின் முடிவு 2004இல் வந்தது. 20,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு, 10,008 பேரோடு பாதியில் நிறுத்தப்பட்ட ஆய்வு அது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள், ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9.