புத்தகப்பை வாங்கிக் கொடுக்க ஃபெலோஷிப் எதற்கு?

சமூகப்பணிக்கான ஃபெலோஷிப்களுக்கு விண்ணப்பிக்கும் முஸ்லிம் இளைஞர்களுக்கு வழிகாட்டுவது என் வேலையில் ஒரு பகுதி. அவர்கள் எழுதிக்கொண்டு வரும் முதல் வரைவில் பெரும்பாலும் இருப்பது விநியோகம்தான். ஏழை மாணவர்களுக்குப் புத்தகப்பை, ரமலானில் மளிகைப் பொருள், ஒரு நாள் மருத்துவ முகாம். நல்ல எண்ணம், மறுப்பதற்கில்லை. ஆனால் இவற்றைச் செய்ய ஊரில் ஏற்கெனவே ஆள் உண்டு. பைத்துல்மால் என்னும் ஊர்ப் பொதுநிதி இருக்கிறது, வசதியுள்ளவர்கள் கொடுக்க வேண்டிய கட்டாயக் கொடையான ஸகாத் இருக்கிறது, வளைகுடாவிலிருந்து அனுப்பித் தரும் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள்.

ஃபெலோஷிப் தருவது நேரம். சமூகப் பிரச்சினைகளுக்குத் தீர்வு தேடுபவர்களை ஆதரிக்க பில் டிரேட்டன் 1980-இல் தொடங்கிய அசோகா அமைப்பு, அடுத்த ஆண்டே இந்தியாவில் ஃபெலோஷிப்புக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்தது. வீட்டுச் செலவுக்காக அலையாமல் ஒருவர் முழு நேரமும் ஒரே பிரச்சினையில் உட்காரட்டும் என்பதற்காகத்தான் அந்த உதவித்தொகை.

இந்த ஒன்றுக்குத்தான் ஊரில் பணம் பெயராது. ஒரு மாணவியின் கல்லூரிக் கட்டணத்தைப் பள்ளிவாசல் ஜமாஅத் தயங்காமல் தந்துவிடும். அதே ஜமாஅத்தில், "ஒரு வருஷம் வீடு வீடாப் போய் விசாரிக்கணும், மாசச் செலவுக்குக் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். ஸகாத் பெறத் தகுதியானவர்களாகக் குர்ஆன் எட்டு வகையினரைச் சொல்கிறது. இந்தப் பிள்ளை அதில் எந்த வகை என்று ஜமாஅத் தலைவர், மார்க்கம் சொல்லும் ஹஜ்ரத்தின் முகத்தைப் பார்ப்பார். அவர் தயக்கத்தில் தப்பில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஃபெலோஷிப் வேண்டும்.

திருநெல்வேலி மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் குடும்பத்துப் பெண் ஒருவர், ஃபெலோஷிப் விண்ணப்பத்தில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நடத்தப்போவதாக எழுதியிருந்தார். வகுப்பைத் தொடங்கும் முன், பத்தாவதோடு நின்றுபோன பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்வரச் சொன்னேன். போனார். மடியில் சுளகு, அதில் வெட்டிய இலையும் தூளும். ஆயிரம் பீடிக்குத்தான் கூலிக் கணக்கு என்பதால் கை நிற்கவே நிற்காது. பேச்சு மட்டும் நடக்கும். "ஸ்காலர்ஷிப்பா? எழுதிப் போட்டோமே புள்ள, ஒண்ணும் வரலியே." வீட்டுக்கு வீடு இதே பதில்.

பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை ஒன்றாம் வகுப்பிலிருந்தே உண்டு. பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், தொழிற்கல்விப் பட்டங்களுக்கு 25,000 ரூபாய். தேசியக் கல்வி உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் தாய்க்கோ தந்தைக்கோ பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்க வேண்டும். சிக்கல் அங்கேதான். சிலர் இன்னொருவர் பெயரிலுள்ள பாஸ் புத்தகத்துக்கு, அதாவது பீடிக் கணக்கு எழுதும் புத்தகத்துக்கு, பீடி சுற்றுகிறார்கள். இருபது வருஷம் சுற்றியிருந்தாலும் அவர்கள் பெயரில் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. அட்டை இருப்பவர்களுக்கோ வேறு தொல்லை. அட்டையில் 'பாத்திமா', ஆதாரில் 'செய்யதலி பாத்திமா', வங்கிப் புத்தகத்தில் 'எஸ். ஃபாத்திமா பீவி', மகளின் பள்ளிச் சான்றிதழில் 'பாத்திமாள்'. கணினி இவர்களை நான்கு பேராகத்தான் பார்க்கும்.

அந்தப் பெண் ஆங்கில வகுப்பைத் தள்ளிவைத்தார். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மதரஸா அறையில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தார். நோட்டில் பக்கத்துக்கு ஒரு குடும்பம்: எந்த ஆவணத்தில் எந்தப் பெயர், எதை முதலில் திருத்தினால் மற்றவை சரியாகும், இ-சேவை மையத்துக்கு யார் துணைக்குப் போவது. மாதக்கணக்கில் இதே வேலை. போட்டோ எடுத்துப் போட இதில் எதுவும் கிடையாது. ஆண்டறிக்கையும் பளபளப்பாக வராது. ஆனாலும் நின்றுபோன விண்ணப்பங்கள் சில நகர்ந்தன, சில பிள்ளைகளின் கணக்கில் பணம் விழுந்தது. அட்டையே இல்லாத தாய்மார்களின் சிக்கல் இன்னும் முழுதாகத் தீரவில்லை. யார் யாருக்கு அட்டை இல்லை என்ற பட்டியலாவது இப்போது கையில் இருக்கிறது. அதை வைத்துத்தான் நலத்துறை அலுவலகத்தில் பேச்சே தொடங்க முடிந்தது. நான் பார்த்தவற்றில் ஃபெலோஷிப் காலம் உருப்படியாகச் செலவானது இங்கேதான் என்று தயங்காமல் சொல்வேன்.

ஃபெலோஷிப் என்றதும் பலர் மௌலானா ஆசாத் தேசிய ஃபெலோஷிப்பைத்தான் கேட்கிறார்கள். அது ஆய்வுப் படிப்புக்கானது, அதையும் நிறுத்துவதாக மத்திய அரசு 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிவித்துவிட்டது. முஸ்லிம்களுக்கென்று தனியாக ஒன்று வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அரசுத் துறைகளோடு வேலை செய்யும் தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டமும், பள்ளிகளை மையமாகக் கொண்டு தொடங்கிய காந்தி ஃபெலோஷிப்பும் எல்லோருக்கும் பொது. நம் பிள்ளைகள் தகுதி இருந்தும் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காததுதான் எனக்கு ஆற்றாமை.

வீட்டில் பேசி முடிக்காமல் விண்ணப்பிக்காதீர்கள். பையனுக்கு விசா வந்துவிடும், பெண்ணுக்கு நிக்காஹ் பேசிவிடுவார்கள், வேலை பாதியில் நிற்கும். இரண்டையும் தவறென்று சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் கூடவே இன்னொருவரைப் பழக்கி வையுங்கள், அவரைப் பற்றி விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். வாப்பா, உம்மாவிடம் எத்தனை மாதம், மாதம் எவ்வளவு, இரவு எத்தனை மணிக்குள் வீடு திரும்புவீர்கள் என்பதுவரை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். சமூகத் திட்டம் நடத்த வெளிநாட்டு நிதி பெறுவதென்றால் வெளிநாட்டு நிதியை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற ஒரு அமைப்பு தனக்கு வந்த வெளிநாட்டு நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. "எங்க அக்கவுண்டுக்கு வரட்டும், உங்க சங்கத்துக்கு அனுப்பிடறோம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் பிள்ளைகளுக்கான செலவை வேறு யாரோ ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். உங்களிடமிருந்து வேண்டியது மாலையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு அறை, பெண்கள் கூச்சமின்றி வந்துபோகத் தனி வாசல், ஜமாஅத் முத்திரையோடு ஒரு கடிதம். இந்தப் பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள் என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மைக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், யார் எவர் என்று வாசலில் நிற்கவைத்து விசாரிக்கும் முதல் மாதம் அவர்களுக்கு மிச்சமாகும்.