அறைகிற நாயகனுக்கு எதற்கு ஃப்ளாஷ்பேக்?

போன வாரம் வந்த பெண்ணுக்கு 24 வயது, கல்யாணமாகி எட்டு மாதம். ஐம்பது நிமிடத்தில் ஆறு முறை போன் அடித்தது. ஆறாவது முறை எழுந்துபோய் என் மேசையையும் சுவர்க் கடிகாரத்தையும் சேர்த்துப் போட்டோ எடுத்து அனுப்பினாள், எங்கே இருக்கிறாள் என்பதற்கு அத்தாட்சியாம். "அவருக்கு என் மேல அவ்வளவு பொசசிவ் மேடம்" என்றாள், முகத்தில் பெருமை. கையை உயர்த்தியபோது முழங்கைக்கு மேலே நான்கு விரல் தடம் கன்றிப்போயிருந்தது. (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

சென்னையில் குடும்ப ஆலோசகராக இருக்கும் எனக்கு இந்த வாக்கியம் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. ராத்திரி ஆன்லைன் தொடர்கதையின் யூடி (புது அத்தியாயம்) வந்ததும் படித்துவிட்டுத்தான் அந்தப் பெண் தூங்குவாளாம், அதுவும் ஆன்டி ஹீரோ கதை, அதாவது கொடுமை செய்கிறவனே நாயகன். நானும் உட்கார்ந்து படித்தேன். பழிவாங்கத் தாலி கட்டுகிறான், எல்லார் முன்னாலும் இழுத்து அறைகிறான், அவள் வேண்டாம் என்று அழுத இரவுக்கு 'உரிமை' என்று பெயர். வில்லி எப்போதும் ஸ்லீவ்லெஸ் போட்டவள், நாயகி எப்போதும் பொறுத்துப்போகிறவள். அறுபதாவது எபியில் (அத்தியாயத்தில்) ஒரு ஃப்ளாஷ்பேக், சின்ன வயதில் அவன் அம்மா விட்டுப் போய்விட்டாள், உடனே எல்லாம் மன்னிப்பு.

பொறுத்துப்போனால் மாறிவிடுவான் என்ற இந்த நம்பிக்கையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கதையில் அவன் திருந்துவது எழுதுகிறவர் திருத்துவதால். வீட்டில் அடித்தவன் மறுநாள் அழுவான், மல்லிப்பூ வாங்கி வருவான், அந்த அழுகை நடிப்பு என்றுகூட நான் சொல்லமாட்டேன், ஆனால் அடுத்த மாதம் மறுபடி அடிப்பான். கோபம் வந்தால் அவருக்குக் கண்ணு தெரியாது என்கிறீர்கள், அதே ஆள் மேனேஜர் திட்டும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறானே? சின்ன வயதில் அடிபட்டு வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர் என்னிடம் வருகிறார்கள், யார் மேலும் கை வைக்காதவர்கள். மாறிய ஆண்களையும் பார்த்திருக்கிறேன். தானாக வந்து, தப்பு என்னுடையது என்று சொல்லி, மாதக்கணக்கில் உட்கார்ந்து மாறியவர்கள் அவர்கள். மனைவி பொறுத்ததால் மாறிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். இந்தக் கதைகளைப் படிக்கிறவர்களில் அவர்களும் இருக்கிறார்கள்.

காதல் கதையே படிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. அவன் செய்வதை உங்கள் தங்கைக்கு ஒருத்தன் செய்தால் சும்மா இருப்பீர்களா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அம்மாக்களே, அழுதுகொண்டு வந்த பெண்ணை "நீதான் அனுசரிச்சுப் போகணும்" என்று திருப்பி அனுப்பாதீர்கள். எழுதுகிற சகோதரிகளே, அடுப்படி வேலை முடித்துத் தூக்கத்தை விட்டு எழுதுகிறீர்கள், தெரியும். அந்த உழைப்பில் அவள் 'வேண்டாம்' என்றால் நின்றுவிடுகிற ஒருவனை எழுதுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். வேண்டாம் என்ற பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது 2013-லிருந்தே தனிக் குற்றம், உங்கள் கதையில் அது முதல் பத்து எபி.

2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் அடி மட்டும் இல்லை, கேவலமாகப் பேசுவதும் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதும் வரும். போலீஸ் என்றால் பயமா? சரி, மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள், அல்லது பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசுங்கள். போனில் கணவர் உங்கள் லொகேஷனைப் பார்க்கிறார் என்றால் அதைத் திடீரென்று அணைக்காதீர்கள், அன்றைக்கே அடி விழும். அக்கம்பக்கத்தில் நம்பிக்கையான ஒருவர் போனிலிருந்து கூப்பிடுங்கள்.