வெர்ட்டிபோர்ட்: நேரெழு நிலையம்

அமெரிக்க மாநிலங்களின் போக்குவரத்துத் திட்டங்களில் இப்போது அடிக்கடி கண்ணில் படும் சொல் வெர்ட்டிபோர்ட். நீண்ட ஓடுபாதை தேவைப்படாமல், நின்ற இடத்திலிருந்தே மேலே கிளம்பி அதேபோல் இறங்கும் மின்சார வானூர்திகள், ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கும் இடம் அது. இறங்கும் திடலை மட்டும் அந்தச் சொல் குறிப்பதில்லை. பயணிகள் கூடம், மின்னேற்றும் வசதி, சரக்கு வைக்கும் இடம் எல்லாம் அதில் அடக்கம். அமெரிக்காவின் மத்திய வான்போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.யின் வரையறையும் நிலத்தையோ கட்டமைப்பையோ அதோடு சேர்ந்த வசதிகளையும் சேர்த்தே சொல்கிறது.

வெர்ட்டிகல், போர்ட் என்ற இரண்டு சொற்களை வெட்டி ஒட்டியது இது. வெர்ட்டிகலுக்கு மூலம் லத்தீனின் வெர்ட்டெக்ஸ். சுழல், திரும்பு என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. முதலில் நீர்ச்சுழியைக் குறித்தது. பிறகு தலையில் மயிர் சுழி விழும் உச்சியை. அதன்பின் எந்த உச்சியையும். உச்சிக்கு நேராக நிற்பது வெர்ட்டிகல். தமிழிலும் சுழி என்றால் ஆற்றிலும் உண்டு, தலையிலும் உண்டு. உச்சி தலைக்கும் நண்பகல் வானத்துக்கும் பொது. ஒட்டுறவு இல்லாத இரண்டு மொழிகள் ஒரே வழியில் யோசித்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

போர்ட் என்பது கப்பல் துறை. விமானம் வந்ததும் ஏர்போர்ட் ஆனது, ஹெலிகாப்டர் வந்ததும் ஹெலிபோர்ட் ஆனது. ஹெலிகாப்டர் என்ற சொல் கிரேக்கத்தில் 'திருகு' என்று பொருள்படும் ஹெலிகோவும் 'சிறகு' என்று பொருள்படும் ப்டெரோனும் சேர்ந்தது. மக்கள் அதை ஹெலி, காப்டர் என்று தவறாகப் பிரித்தார்கள். அந்தப் பிழையில் பிறந்ததுதான் ஹெலிபோர்ட். அதன் அச்சில் வார்த்தது வெர்ட்டிபோர்ட்.

மின்சார வானூர்திகளோடு வந்த புதுச்சொல் இது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சுழலிகளைச் சாய்த்துப் பறக்கும் டில்ட்ரோட்டர் விமானங்கள் பயணிகள் சேவைக்கு வரும் என்று நம்பி, எஃப்.ஏ.ஏ. 1991இலேயே வெர்ட்டிபோர்ட் வடிவமைப்புக் கையேடு வெளியிட்டது. டெக்சாஸின் டாலஸ் நகரில் மாநாட்டு அரங்கின் கூரைமேல் 1994இல் ஒரு வெர்ட்டிபோர்ட் திறந்தார்கள். எதிர்பார்த்த விமானம் வரவில்லை, ஹெலிகாப்டர்கள்தான் இறங்கின. ஊபர் நிறுவனம் 2016இல் வான் டாக்ஸி பற்றிய அறிக்கையை வெளியிட்டபோது சொல் மீண்டும் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. அந்த அறிக்கையில் வெர்ட்டிஸ்டாப் என்று ஒரு தம்பியும் இருந்தது: மின்னேற்றம், பழுதுபார்ப்பு வசதிகள் எதுவும் பெரிதாக இல்லாமல், வந்து நின்று ஆளை ஏற்றிப் போகிற சிறிய இடம்.

சரி, இதில் மாநில அரசுக்கு என்ன வேலை? ஒஹாயோவைப் பார்த்தால் புரியும். ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்த டேட்டன் நகரம் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. 2021இல் ஒஹாயோ போக்குவரத்துத் துறை இவ்வகை வானூர்திகளின் சேவை பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. பயணிகள், சரக்கு, அவசர மருத்துவம் ஆகிய சேவைகளால் 25 ஆண்டுகளில் 1,300 கோடி டாலர் பொருளாதாரப் பயனும் 15,000 வேலைகளும் கிடைக்கும் என்பது அதன் மதிப்பீடு. அடுத்த ஆண்டு திட்ட வரைவு வந்தது. 2023 செப்டம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டு விமான நிலையத்தில் இதற்கென ஓர் ஆய்வு மையம் திறந்தார்கள். அதே மாதம் இத்தகைய மின்சார வானூர்திகளைச் செய்யும் ஜோபி நிறுவனம் டேட்டனில் தொழிற்சாலை அமைப்பதாக அறிவித்தது. அதன் வானூர்தியில் ஒரு விமானியும் நான்கு பயணிகளும் போகலாம்.

வான்வெளி மத்திய அரசின் கையில் இருக்கிறது. எந்த வானூர்தி பறக்கலாம், யார் ஓட்டலாம் என்பதை எஃப்.ஏ.ஏ. சொல்லும். ஆனால் நிலம், நகர்ப்புறக் கட்டட விதி, சாலை, மின்சார இணைப்பு இவையெல்லாம் மாநிலமும் நகராட்சிகளும் பார்க்க வேண்டியவை. அதனால் மாநிலத் திட்டத்தின் பெரும்பகுதி கடைசியில் வெர்ட்டிபோர்ட் எங்கே, எப்படி என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. இடமும் கொஞ்சநஞ்சம் போதாது. எஃப்.ஏ.ஏ. 2022இல் வெளியிட்ட வடிவமைப்புக் குறிப்பின்படி, வானூர்தியைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டத்தைப் போல் மூன்று மடங்கு நீள அகலம் உள்ள பாதுகாப்புப் பகுதி வேண்டும் என்றிருந்தது. விட்டம் 50 அடி என்றால் 150க்கு 150 அடி. நம் கணக்கில் ஏறக்குறைய 52 சென்ட், அதுவும் ஒரே ஒரு வானூர்தி இறங்க.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? செங்குத்து விமான நிலையம் என்று எழுதினால் நிலையமே செங்குத்தாக நிற்பதுபோல் ஆகிவிடுகிறது. நேராக எழுவது வானூர்தி, நிலையம் அல்ல. போர்ட்டுக்குத் துறை என்பது அழகான சொல்தான், ஆனால் வான்துறை என்றால் இன்றைக்கு யாரும் அரசுத் துறை ஒன்றைத்தான் நினைப்பார்கள். விமானத் தளம் என்பது ராணுவத்துக்குப் பழகிவிட்டது. பறக்கும் டாக்ஸி நிலையம் என்பது சரக்கையும் மருத்துவச் சேவையையும் விட்டுவிடுகிறது.

என் தேர்வு நேரெழு நிலையம். நேர், எழு, நிலையம் மூன்றும் எல்லோருக்கும் தெரிந்த சொற்கள். இதிலிருந்து ஒரு குடும்பமே கிடைக்கிறது: அந்த வானூர்தி நேரெழு வானூர்தி, மின்சாரத்தில் ஓடினால் மின் நேரெழு வானூர்தி. வெர்ட்டிஸ்டாப் நேரெழு நிறுத்தம். பேருந்து நிலையம், பேருந்து நிறுத்தம் என்ற வேறுபாடு நம் எல்லோருக்கும் பழக்கம் என்பதால் இதற்குத் தனி விளக்கமே தேவையில்லை. இவ்வானூர்திகள் முழுக்க நேராக எழுவதில்லையே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். கொஞ்சம் மேலெழுந்ததும் சாய்வாக முன்னேறிவிடும். ஆனால் வெர்ட்டிபோர்ட்டும் அந்த நுணுக்கத்தைச் சொல்வதில்லை.

விமானம் என்பதைவிட வானூர்தியை நான் விரும்பக் காரணம் உண்டு. புறநானூற்றின் 27ஆம் பாட்டில் 'வலவன் ஏவா வான ஊர்தி' என்று வருகிறது. வலவன் தேரோட்டி. ஓட்டுபவன் இல்லாமல் தானே செல்லும் ஊர்தியில் புகழுடையோர் விண்ணுலகு சேர்வார்கள் என்பது பாட்டின் கருத்து. அன்றைக்கே விமானம் இருந்தது என்பதற்கு இதைச் சான்றாக இழுக்கக் கூடாது, அது கற்பனை. சொல் மட்டும் நமக்கு வேண்டியது. ஈழத்தில் ஹெலிகாப்டரை உலங்கு வானூர்தி என்று எழுதுவது ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. ஆளில்லாமல் சரக்கு கொண்டுபோகும் ஊர்திகளைப் பற்றி எழுதும்போதும் வானூர்தி என்ற சொல் பொருந்தி வரும்.

இந்தியாவிலும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024இல் வெர்ட்டிபோர்ட்டுக்கான வழிகாட்டுதல்களைக் கொண்டுவந்தது. சென்னை ஐஐடியில் உருவான ஈ-பிளேன் நிறுவனம் நேரெழு வானூர்தி ஒன்றைத் தயாரித்துவருகிறது. ஆகவே தமிழ்ச் செய்திகளில் இந்தச் சொல் இனி நிறையவே தேவைப்படும். முதல் தடவை 'நேரெழு நிலையம் எனப்படும் வெர்ட்டிபோர்ட்' என்று சேர்த்து எழுதலாம். அடுத்த வரியிலிருந்து தமிழ்ச்சொல் மட்டும் போதும்.