கல்லறைச் சுவரில் நான்கு பருவங்கள்

சீனத்தின் வடக்கே புல்வெளிகளில் நாடோடிகளாக வாழ்ந்த கிதான் மக்கள் தொடக்கத்தில் கல்லறை கட்டியவர்கள் அல்லர். இறந்தவரின் உடலை மலைக்காட்டு மரத்தின்மேல் கிடத்தி, மூன்றாண்டுகளுக்குப் பின் எலும்புகளைத் திரட்டி எரிப்பதே அவர்களின் வழக்கம் எனப் பழைய சீன வரலாற்று நூல்கள் கூறுகின்றன. 907-இல் அபாவோஜி தலைமையேற்று, பின்னர் லியாவோ எனப்பட்ட அரசை நிறுவிய காலத்திலேயே நிலத்தடி அறை எழுப்பிச் சுண்ணம் பூசிய சுவரில் ஓவியம் தீட்டும் சீன முறை அவர்களிடையே வேரூன்றியது. கிதான், சீன மரபுகள் எங்கே கலந்தன எனத் தேடி ஓவியத்தின் கருப்பொருள்வரை செல்ல வேண்டியதில்லை. தீட்டுவதற்கு ஒரு சுவர் இருந்ததே கலப்புதான்.

உள்மங்கோலியாவின் பாவோஷானில், 923-ஆம் ஆண்டில் அடக்கம் செய்யப்பட்ட 14 வயதுச் சிறுவனின் கல்லறையில், சீனத் தாவோ சமயத்தின் பெண்தெய்வமான ‘மேற்கு அரசித் தாய்’ மண்ணுலகிற்கு இறங்கி வருகிறாள். அதே கல்லறையில் சேணம் பூட்டிய குதிரைகளும் நிற்கின்றன.

இக்கலையின் உச்சமாக நான் கருதுவது, 1031-இல் இறந்த லியாவோ பேரரசர் ஷெங்ஸோங்கின் கல்லறையையே. அதன் நடு அறைச் சுவர்களில் நான்கு பருவங்களின் நிலக்காட்சிகள் விரிகின்றன: இளவேனிலின் நீர்நிலைப் பறவைகள், இலையுதிர்காலத்து மலைச்சரிவில் மான்கள். தூரிகை முறை சீனத்தினுடையது. ஆனால் கிதான் அரசவை ஓரிடத்தில் தங்காமல், பருவந்தோறும் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் ஏற்ற நிலத்திற்குப் பாளையத்தை மாற்றிக்கொண்டே இருந்தது என்பதை அறிந்தவருக்கு, இனி நகர முடியாத அரசரைச் சுற்றி அந்த நான்கு பாளையங்களையும் கொண்டுவந்து நிறுத்தியிருப்பதாகவே இவை தோன்றும். அங்குள்ள ஆளுயர உருவங்களில் சிலர் கிதான் உடையிலும், சிலர் சீன உடையிலும் நிற்கின்றனர். கிதான்களை அவர்களின் மரபுப்படியும், சீனர்களைச் சீன முறைப்படியும் தனித்தனியே ஆண்ட அரசு அது. ஓவியரும் இருவரையும் ஒன்றாகக் குழைத்துவிடவில்லை.

கொடுக்கல் வாங்கல் ஒருவழிப்பட்டதும் அன்று. ஹெபேயின் ஷுவான்ஹுவாவில் வாழ்ந்த சாங் குடும்பத்தினர் லியாவோ ஆட்சிக்குட்பட்ட சீனர்கள். தேநீர் தயாரிப்பும் இசைக்குழுவும் நிறைந்த அவர்களின் கல்லறைச் சுவர்களில், உச்சந்தலையை மழித்துப் பக்கக் கற்றைகளை மட்டும் தொங்கவிட்ட கிதான் பாணிப் பணியாளர்களும் இடம்பெறுகின்றனர். 1116-இல் அடக்கமான சாங் ஷிச்சிங்கின் கல்லறை விதானத்தில் நடுவே வெண்கலக் கண்ணாடி. அதைச் சூழ்ந்து தாமரை. அதற்கு வெளியே சீன வானியலின் 28 விண்மீன் கூட்டங்களும், மேடம் முதல் மீனம் வரையான நமக்குப் பழகிய 12 இராசிகளும். பாபிலோனில் பிறந்த இந்த இராசிகள் இந்தியா வழியாக, பௌத்த நூல்களின் மொழிபெயர்ப்புகளோடு சீனம் சேர்ந்தவை. அந்த விதானத்தின் கீழ் வைக்கப்பட்டிருந்ததும் அப்படியொரு கலப்பே: பௌத்த முறைப்படி எரித்த சாம்பலை மனித வடிவப் பாவைக்குள் இட்டு, சீன மரபுப்படி முழு உடலாகப் புதைத்திருந்தனர்.