அடுத்த சீசனைத் தேடி லேப்டாப்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் வைரஸ் என்று ஒரு லேப்டாப் வந்தால் யாரோ கொடுத்த பென் டிரைவ்தான் காரணமாக இருக்கும். இப்போது அடிக்கடி பார்ப்பது வேறு. பாதியில் நின்றுபோன ஏதோ ஒரு வெளிநாட்டு சீரியல்.

போன மாதம் ஒரு கல்லூரி மாணவர் வந்தார். பிரவுசரைத் திறந்ததும் தெரியாத தேடல் பக்கம், ஓரத்தில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று விடாமல் எட்டிப்பார்க்கும் அறிவிப்பு, பிரவுசரோடு சேர்க்கும் எக்ஸ்டென்ஷன் பட்டியலில் மூன்று இலவச விபிஎன் (நாம் வேறு நாட்டில் இருப்பதுபோல் காட்டுபவை), "பிளேயர் அப்டேட்" என்ற பெயரில் இன்னொன்று. "ஒரே ஒரு சீரியல் சார், ரெண்டாவது சீசன் இங்க வரல, என்ன ஆச்சுன்னு தெரியாம இருக்க முடியல" என்றார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஏனென்றால் அந்த அரிப்பைத் திட்டம்போட்டுத்தான் உண்டாக்குகிறார்கள். 1980 மார்ச்சில் 'டல்லாஸ்' என்ற அமெரிக்கத் தொடரில் முக்கியப் பாத்திரமான ஜே.ஆரைச் சுட்டார்கள், சுட்டது யார் என்று நவம்பரில்தான் சொன்னார்கள். அப்போதாவது விடை வந்தது. நெட்ஃபிளிக்ஸின் '1899' தொடர் 2022 நவம்பரில் வந்தது, எட்டு எபிசோடு, கடைசியில் கதையையே புரட்டிப்போடும் ஒரு முடிச்சு, அப்புறம் 2023 ஜனவரியில் அடுத்த சீசன் கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். அடுத்த சீசன் உறுதியாகாத நிலையில் இப்படி முடிச்சுப் போடுவது பார்க்கிறவர்களுக்குச் செய்கிற துரோகம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கதை முடிந்த தொடராக இருந்தாலும் நமக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஒளிபரப்பு உரிமையை நாடு நாடாக, இத்தனை வருடம் என்று விற்கிறார்கள். அமெரிக்க சேனலான எச்பிஓவின் தொடர்கள் இந்தியாவில் டிஸ்னி ஹாட்ஸ்டாரில் இருந்தன, 2023 மார்ச் 31 உடன் போய்விட்டன, ஜியோசினிமாவுக்கு வந்தது மே மாதத்தில். அந்த இடைவெளியில் பாதி பார்த்தவர்கள் எல்லாம் அந்தரத்தில் நின்றார்கள். வருட சந்தா கட்டியவர் கடைக்கு வந்து, ஆப் கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டிருக்கிறார்.

இந்த நேரத்தில்தான் தப்பான இடத்தில் கிளிக் செய்கிறோம். விபிஎன் போட்டால் நீங்கள் பார்ப்பதும் தேடுவதும் அந்த நிறுவனத்தின் சர்வர் வழியாகப் போகிறது. சர்வர் நடத்தப் பணம் வேண்டும், உங்களிடம் வாங்கவில்லை என்றால் வேறு எங்கிருந்தோ வருகிறது. 'ஹோலா' என்ற விபிஎன் தன் இலவசப் பயனாளர்களின் இணைய இணைப்பையே மற்றவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது 2015இல் வெளியே வந்தது. உங்கள் ஐபி முகவரியில், அதாவது உங்கள் இணைய இணைப்பின் அடையாள எண்ணில், முகம் தெரியாத யாரோ என்னவோ செய்யலாம், கேள்வி வந்தால் உங்களிடம்தான் முதலில் வரும். இந்தியாவில் பொதுவாக விபிஎன் வைத்திருப்பது குற்றமில்லை, ஆனால் ஓடிடி நிறுவனங்களின் விதிமுறை அதை ஏற்பதில்லை, 2016இலிருந்தே நெட்ஃபிளிக்ஸ் தடுத்துவருகிறது. மாணவரின் லேப்டாப்பில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை அவர் போனிலிருந்து என் எதிரிலேயே மாற்றச் சொன்னேன். ஒரு தொடரைத் தொடங்கும் முன் ஜஸ்ட்வாட்ச் தளத்தில் நாடு இந்தியா என்று வைத்துத் தேடுங்கள், எத்தனை சீசன் எங்கே இருக்கிறது என்று காட்டும். ரெண்டு நிமிட வேலை.

டிவிடி வாங்கினால் பிரச்சினை இல்லை என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு மகள் அமெரிக்காவிலிருந்து ஒரு தொடரின் முழு டிவிடி பெட்டியை வாங்கி வந்தார். உலகத்தை மண்டலங்களாகப் பிரித்துத்தான் டிவிடி விற்கிறார்கள், டிஸ்கின் மண்டலமும் டிரைவின் மண்டலமும் பொருந்தினால்தான் படம் ஓடும். அது மண்டலம் 1, இந்தியா மண்டலம் 5. லேப்டாப் டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்றலாம், முதல் முறை வைப்பதும் அதில் ஒன்று. திரையில் கேட்டபோதெல்லாம் ஓகே கொடுத்து அங்கும் இங்கும் மாற்றியிருக்கிறார். செட்டிங்கைத் திறந்து காட்டினேன், மீதி 0, மண்டலம் 5இல் நிரந்தரமாகப் பூட்டிக்கொண்டது. விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் திரும்பாது, கணக்கு டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. "சார், இன்னும் நாலு டிஸ்க் பாக்கி இருக்கே" என்று பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

யூஎஸ்பியில் சொருகும் டிரைவ் ஒன்றை வரவழைத்து, மண்டலம் 1 என்று ஒரே முறை வைத்து, மறந்துபோய் மாற்றிவிடாமல் இருக்க மேலே மார்க்கரால் பெரிதாக 1 என்று எழுதிக் கொடுத்தேன்.