பேனல்: துணியில் பிறந்து பலகைக்கு வந்த சொல்

மதுரையில் ஒரே நாளில் 'பேனல்' என்ற சொல்லைப் பல பேர் வாயில் கேட்கலாம். வயரிங் வேலைக்காரருக்கு அது சுவிட்சுகள் வரிசையாக இருக்கும் பெட்டி. மொட்டை மாடியில் சோலார் பேனல். டிவி ரிப்பேர் செய்பவர் "பேனல் போயிருச்சுண்ணே" என்றால் நமக்கு வயிறு கலங்கும். 2004 முதல் இயங்கும் உயர் நீதிமன்றக் கிளைப் பக்கம் போனால் 'பேங்க் பேனல் வக்கீல்', அதாவது வங்கி தன் வழக்குகளுக்கு வைத்திருக்கும் பட்டியலில் உள்ள வக்கீல், இருக்கிறார். கணினி முன் உட்கார்ந்தால், திரை ஓரத்தில் மெனு, கடிகாரம், திறந்திருக்கும் சாளரங்கள் எல்லாவற்றையும் தாங்கும் நீளமான பகுதிக்கும் அதே பெயர்தான்.

இத்தனைக்கும் மூலம் துணி. லத்தீனில் 'பன்னுஸ்' என்றால் துணி. அதிலிருந்து வந்த பழைய பிரெஞ்சுச் சொல் 'பனெல்', துணித் துண்டைக் குறித்தது. ஆங்கிலத்துக்கு வந்த பிறகு, குதிரைச் சேணத்துக்கு அடியில் வைக்கும் துணிக்கும் அதுவே பெயர். நீதிமன்றத்தில் ஜூரிகளின் பெயரை எழுதிய தோல் துண்டுக்கும் அதுவே பெயர். அப்புறம் அந்தத் துண்டில் பெயர் இருந்தவர்களையே 'பேனல்' என்றார்கள். நம் பேனல் வக்கீல் அந்த வழியில் வந்தவர்தான். இன்னொரு பக்கம், கதவுச் சட்டத்துக்குள் பொருத்தும் பலகைத் துண்டுக்கும் பெயர் ஒட்டிக்கொண்டது. மீட்டர்கள் பதித்த பலகை, கணினித் திரையின் பேனல் எல்லாம் அந்தக் கிளை.

தமிழில் இதற்கு என்ன சொல்வது என்று நான் உட்கார்ந்து யோசித்தது, டவுன்ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் ஒரு டிடிபி கடையில். கல்யாணப் பத்திரிகை அடிப்பதுதான் அங்கே முக்கிய வேலை. 'விசுவாவசு வருடம் ஆவணி மாதம்' என்று தொடங்கும் வரியில் ஒரு நாள் பிசகினாலும் பெண் வீட்டார் சும்மா விடமாட்டார்கள். அங்கே வேலை பார்க்கும் தங்கச்சி சுவரில் தொங்கும் நாள்காட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அண்ணே, கீழ இருக்கே இந்தப் பட்டை, இதுல தமிழ்த் தேதி வர வைக்க முடியாதா? ராகுகாலம் வந்தா கலர் மாறுச்சுன்னா இன்னும் நல்லாருக்கும்."

அவள் வாயில் இயல்பாக வந்தது 'பட்டை'. பார்க்க அப்படித்தான் இருக்கிறது. ஆனால் கருவிப்பட்டை, தலைப்புப் பட்டை, உருள்பட்டை என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே நிறைய வேலை. "பட்டையில் தேதி வேண்டும்" என்று எழுதினால் எந்தப் பட்டை என்று கேட்பார்கள். 'பட்டி'யையும் சிலர் எழுதுகிறார்கள். வாடிப்பட்டியும் உசிலம்பட்டியும் சூழ்ந்த நமக்கு அது முதலில் ஊர், இல்லாவிட்டால் ஆடு மாடு அடைக்கிற இடம். 'பலகம்' கணினித் தமிழில் புழங்குகிறது, தவறில்லை. எனக்கு 'பலகை'தான் பிடிக்கிறது. கரும்பலகை, அறிவிப்புப் பலகை என்று எல்லோரும் சொல்கிற சொல். ஒன்றின் மேல் பலவற்றை வைக்கலாம் என்பதும் அதில் இருக்கிறது.

இதைச் சொல்ல மதுரைக்காரருக்குக் கூடுதல் உரிமையும் உண்டு. சிவபெருமான் சங்கப் புலவர்களுக்குக் கொடுத்த பலகையைத் திருவிளையாடல் புராணம் சொல்கிறது. அளவில் சிறியது, தகுதியான புலவர் வந்தால் தானே வளர்ந்து இடம் கொடுக்கும். கணினிப் பேனலும் அப்படியே நீளும்: ஒரு பொருளைச் சேர்த்தால் அதற்கேற்ப இடம் விடும். புலவர் குழு, நீளும் பலகை என்று 'பேனல்' சொல்லின் இரண்டு கிளைகளும் அந்த ஒரு கதைக்குள் இருக்கின்றன.

பலகையில் செருகும் சின்ன நிரல்களுக்குச் 'சொருகி' என்ற பெயர் கச்சிதம். கொண்டையில் பூச் சொருகுவதுபோல வைக்கலாம், எடுக்கலாம்.

சரி, தங்கச்சி கேட்டது நடந்ததா? அந்தக் கடைக் கணினியில் இருப்பது எக்ஸ்எஃப்சிஇ (Xfce), லினக்ஸில் சாளரம், மெனு, பேனல் எல்லாம் தரும் திரைச்சூழல். அதன் பலகையைத் திரையின் எந்த ஓரத்துக்கும் நகர்த்தலாம்; 2012-இல் வந்த 4.10 பதிப்பிலிருந்து செங்குத்தாக நிறுத்தினாலும் எழுத்து சாயாமல் படுக்கையாக இருக்கும்படி வைக்கலாம். கடிகாரத்தில் தேதி வடிவத்தை நாமே எழுதிக்கொள்ளலாம், ஆனால் ஆங்கில நாள்காட்டி மட்டும்தான். தமிழ் மாதம் சூரியன் ராசி மாறுவதை வைத்துப் பிறக்கிறது. 29 நாளிலும் முடியும், 32 நாளும் ஓடும். அதனால் ஒரு கட்டளையை ஓட்டி விடையைக் காட்டும் சொருகியைப் பலகையில் வைத்து, அந்த வருடத்து மாதப் பிறப்புகளை நாள்காட்டி பார்த்து ஒரு கோப்பில் தட்டி வைத்தோம். மணிக்குப் பக்கத்தில் 'ஆவணி 12' வந்து நின்றதும் அவள் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். அங்கேயும் 12.

அடுத்த சித்திரைக்கு மறுபடி தட்ட வேண்டுமே என்று, எக்ஸ்எஃப்சிஇ-யை உருவாக்குபவர்களுக்கு அனுப்ப ஒரு கோரிக்கை எழுதினோம். 'ஃபீச்சர்' என்பதற்கு அவள் சொன்ன 'வசதி' என்ற சொல்லையே வைத்துக்கொண்டேன்: "பலகையில் உள்ள கடிகாரச் சொருகியில் தமிழ் மாதத் தேதியைக் காட்டும் வசதி வேண்டும். ராகுகாலத்தில் அதன் நிறத்தை மாற்றிக்கொள்ள விருப்பத்தேர்வு இருக்க வேண்டும்."